ஐயாவின் நிறம்

சென்ற ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றின் மாலையில், எம் அயலில் வாழும் அம்மையார் ஒருவர் பழைய கடித உறை ஒன்றைக் கையிற் பொத்திப் பிடித்தபடி எம் வீட்டு வாயிலுக்கு வந்தார். அறுபதைக் கடந்தவர்; எம்மிலும் பதினைந்து வயதுக்கு மேல் மூத்தவர். ஆதலால் நாம் அவரை அக்கா என்றே அழைப்பது வழக்கம். வீட்டின் பின்புறத்தில், முன்னர் விறகு அடுக்கியிருந்த சிற்றறையை இருட்டறையாக்கி, விடுமுறை நாட்களில் நாம் பழைய முறையிற் படம் கழுவி வருவதை அயலவர் யாவரும் அறிவர். அதனை நம்பியே அவர் வந்திருந்தார்.

“மாஸ்ரர், இதுக்குள்ள எங்கட ஐயா இருக்கிறார். ஒரு படம் கழுவித் தருவியளோ?” என்றார்.

உறையினுள்ளே ஆறு சதமமீற்றர் சதுரமான நெகற்றிவ் ஒன்று இருந்தது. 1973ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று, கொழும்பில் உத்தியோகம் பார்த்த உறவினர் ஒருவர் தம் கமராவினாற் பிடித்த படமாம் அது. மறு வருடமே தந்தையார் காலமாகிவிட்டார். அப்பொழுது அக்காவுக்கு வயது பன்னிரண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, சுவரிலே தொங்கிய படமும் அலுமாரியில் இருந்த அல்பமும் வீட்டோடு போயின. காணி உறுதிகளுக்கு நடுவே தற்செயலாகச் செருகப்பட்டிருந்த இந்த நெகற்றிவ் மாத்திரம் உறுதிகளோடு கூடத் தப்பியது. தந்தையாரின் முகம் என்று இவ்வுலகில் எஞ்சியிருப்பது இத்துணையே. கனடாவில் உள்ள தமையனாரிடம் ஒரு பிரதி உண்டாயினும், அதனைப் பற்றி அக்கா அன்று ஒன்றும் விரித்துரைக்கவில்லை.

நெகற்றிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். காலை வெயிலிலே வீட்டு முற்றத்தில் ஒருவர் நிற்கிறார். வெறும் மேனி, வெள்ளை வேட்டி, தோளிலே வெண்சால்வை. பூஞ்சணம் ஓரத்தில் மட்டுமே பற்றியிருந்தது; முகத்துக்குச் சேதமில்லை. அன்றிரவே இருட்டறைக்குட் புகுந்து, மறுநாள் மாலைக்குள் ஒரு படத்தை உலர்த்திக் கையிற் கொடுத்தோம். எம் மனத்துக்கு அது மிகவும் நன்றாகவே இருந்தது. சால்வையின் மடிப்புத் தெரிந்தது. முகம் தெளிந்து வெளிச்சமாய் இருந்தது.

அக்கா நெடுநேரம் பார்த்தார். பின்னர் மிகுந்த தயக்கத்தோடு, “வடிவாய்த்தான் இருக்கு, மாஸ்ரர். ஆனால் இது எங்கட ஐயா இல்லை” என்றார். நாம் திகைத்தோம். அவர் தம் வலக்கையை நீட்டிப் படத்தின் அருகே வைத்தார். “என்ர கையைப் பாருங்கோ. ஐயாவின்ர நிறம் எனக்குத்தான் வந்தது எண்டு அம்மா சொல்லுவா. கனடாவில அண்ணையிட்ட இருக்கிற படமும் இப்பிடித்தான், வெள்ளையாய் இருக்கு. அதுதான் நெகற்றிவைக் கொண்டு வந்தனான்.”

எமக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது முற்றும் உண்மை. ஒருவரும் கேளாமலே நாம் அந்த மனிதரை வெளிறச் செய்திருந்தோம். கரிய முகத்தைச் சற்று வெளுப்பாக்கிக் கொடுப்பதே மரியாதை என்னும் பழக்கம் எம் கையிலும் ஊறிக் கிடந்தது. அந்தப் பழக்கம் வேலை செய்த வழியையும், அதனைத் திருத்திய வழியையும் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

கறுப்பு வெள்ளைப் படம் என்று சொல்கின்றோமேயன்றி, உண்மையில் அதில் உள்ளவை பெரும்பாலும் சாம்பல் நிறங்களே. முழுக் கறுப்புக்கும் தாளின் வெண்மைக்கும் இடையில் எத்தனை படிகள் உள்ளன, ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு தூரம் என்பவற்றைப் பொறுத்தே படத்தின் குணம் அமையும். படிகள் உயரமானவையாயின் படம் கடுமையாகும். கறுப்பு மிகக் கறுக்கும், வெளுப்பு மிக வெளுக்கும், இடைப்பட்டவை ஒழிந்துபோம். படிகள் தாழ்ந்தவையாயின் படம் மென்மையாகும்; எல்லாம் தெரியும், ஆனால் ஒன்றும் எடுப்பாகத் தோன்றாது. இதனையே இத்தொழில் அறிந்தோர் கொன்றாஸ்ற் என்பர்.

பழைய காலத்தில் இந்தக் கடுமையும் மென்மையும் தாளிலேயே அடங்கியிருந்தன. மென்மையான தாளுக்கு ஓர் இலக்கம், நடுத்தரத்துக்கு ஓர் இலக்கம், கடுமையானதற்கு ஓர் இலக்கம் என்று பெட்டி பெட்டியாய் வாங்கி வைத்தல் வேண்டும். ஒரு பெட்டி முடிந்து மற்றையவை மிஞ்சினால், மிஞ்சிய தாளுக்கு ஏற்பப் படத்தைக் கழுவ நேரிடும். அன்றியும், ஒரு தாளில் ஒரு தரந்தான். முகத்துக்கு ஒன்று, சால்வைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை.

இந்தத் தடையை நீக்கியவர் இங்கிலாந்தின் இல்போர்ட் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ரென்விக் என்பவர். அவருடைய முயற்சியின் பயனாக 1940ஆம் ஆண்டில், உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மல்ரிகிறேட் என்னும் தாள் விற்பனைக்கு வந்தது. ஒரே தாள் மென்மையாகவும் நடக்கும், கடுமையாகவும் நடக்கும். எது வேண்டும் என்பதை அதன்மேல் விழும் ஒளியின் நிறமே தீர்மானிக்கும்.

இஃது எங்ஙனம் ஆகும் என வினவலாம். இத்தகைய தாளின் மேற் பூசப்பட்டுள்ள வெள்ளி உப்புக் கலவை ஒன்றன்று, பல. இன்றைய தாளில் மூன்று கலவைகள் சேர்ந்திருப்பதாகக் கொள்க. மூன்றும் நீல ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் உணரும். பச்சை ஒளியையோ ஒன்று நன்றாக உணரும், மற்றொன்று சுமாராக உணரும், மூன்றாவது சிறிதே உணரும். தேர்வடத்தைப் பிடித்து மூன்று கூட்டத்தார் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். மூவரும் ஒரே குரலுக்கு ஒருங்கே இழுத்தால் தேர் ஒரேயடியாய்ப் பாயும். ஒரு கூட்டம் தொடங்க, அடுத்தது பின்னர்ச் சேர, மூன்றாவது இறுதியிற் கை கொடுத்தால் தேர் மெல்ல மெல்ல நகரும். நீல ஒளி விழுகையில் மூன்று கலவையும் ஒருங்கே கறுக்கின்றன, படம் கடுமையாகின்றது. பச்சை ஒளி விழுகையில் ஒன்றன்பின் ஒன்றாய்க் கறுக்கின்றன, படம் மென்மையாகின்றது.

படத்தைப் பெருப்பிக்கும் பொறியின் விளக்கு வெள்ளொளி தருவது. அதில் நீலமும் பச்சையும் கலந்தே உள்ளன. மஞ்சட் பில்ரரை இட்டால் அது நீலத்தைத் தடுத்துப் பச்சையை விடும். மஜந்தா என்னும் நிறத்தகட்டை இட்டால், அதாவது எங்கள் வேலிகளிற் பூக்கும் கடதாசிப்பூவின் நிறத்தை ஒத்த தகட்டை இட்டால், அது பச்சையைத் தடுத்து நீலத்தை விடும். மஞ்சள் மென்மைக்கு, மஜந்தா கடுமைக்கு. இவ்வளவே இதன் இரகசியம். இல்போர்ட் தொகுதியில் 00 முதல் 5 வரை, அரை அரைப் படியாகப் பன்னிரண்டு தகடுகள் உள்ளன. இவற்றுள் மூன்றரை வரையிலும் ஒளி விழும் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. 4 முதல் மேலுள்ளவற்றுக்கு நேரத்தை இரட்டித்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்கிவிடுதல் நன்று. கமராவின் முன்னே மஞ்சள் அல்லது சிவப்புத் தகட்டை மாட்டி வானத்தைக் கருமையாக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது படம் பிடிக்கும்போது செய்வது. எதிரே உள்ள பொருள்களின் நிறங்களைப் பற்றியது. நாம் கூறுவது படம் கழுவும்போது செய்வது. நெகற்றிவில் நிறம் எதுவும் இல்லை, தாளின் குணமே இங்கு மாறுகின்றது.

இனி எம் தவற்றுக்கு வருவோம். காலை வெயிலில் நின்ற கரிய மேனிக்கும் வெண்சால்வைக்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரிது. இரண்டையும் ஒரே தாளில் அடக்க வேண்டுமாயின் மென்மையான தகட்டை நாடுவது இயல்பு. நாம் 1ஆம் இலக்கத் தகட்டை இட்டோம். அதன்மேல், முகம் கறுத்துவிடுமோ என்று அஞ்சி, ஒளி விழும் நேரத்தையும் குறைத்தோம். முதலாவது கலைத் தேவை. இரண்டாவது வெறும் பழக்கம். இவ்விரண்டும் கூடி முகத்தை வெளிறிய சாம்பலாக்கின. அன்றியும் வேறொன்றும் நிகழ்ந்திருந்தது. அதனை அப்பொழுது நாமும் கவனித்திலோம், அக்காவும் கவனித்திலர்.

அன்றிரவு நெகற்றிவைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து மறுபடி ஆராய்ந்தோம். வெளுப்பாகத் தோன்ற வேண்டும் என்று அக்காலத்திற் சிலர் நெகற்றிவின் மேலேயே பென்சிலால் தீட்டுவதுண்டு. இதில் அத்தகைய தீட்டல் எதுவும் இல்லை. மனிதர் நின்றபடியே பதிவாகியிருந்தார். நெற்றியிலே நெருக்கமாய் மூன்று கோடுகள். திருநீறு! நாம் கழுவிய படத்தில் அக்கோடுகள் இருந்த இடமே தெரியவில்லை. வெளிறிய நெற்றியில் வெண்ணீறு எங்ஙனம் தோன்றும்? முகத்தை வெளுக்கச் செய்த அதே செயல், அவர் பூசியிருந்த நீற்றையும் அழித்துவிட்டிருந்தது.

இரண்டாம் முறை வேறு வழியைக் கைக்கொண்டோம். முதலில் 5ஆம் இலக்க மஜந்தாத் தகட்டை மட்டும் இட்டு ஒரு தாளைச் சோதித்தோம். திருநீறு பளிச்சென்று எழுந்தது. ஆனால் கண்குழிகள் இரண்டும் கரிய பள்ளங்களாயின; சால்வை மடிப்பெல்லாம் போய் வெறுந் தாளாயிற்று. அதுவும் அவர் அல்லர். முன்னையது அவரை வெளுக்கச் செய்தது. இது அவருடைய கண்களைப் பறித்தது.

ஆகவே ஒரே தாளில் இரண்டு தகடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பயன்படுத்தும் முறைக்கு வந்தோம். முதலில் 00 தகட்டினூடாக ஒளி விட்டு, வெளுப்பான பகுதிகளுக்கு எத்தனை செக்கன் வேண்டும் எனத் துண்டுத் தாளிற் சோதித்தல். பின்னர் அதன்மேல் 5ஆம் தகட்டினூடாக ஒளி விட்டு, கருமைக்கு எத்தனை செக்கன் வேண்டும் எனச் சோதித்தல். இரண்டு ஒளியும் தாள் முழுவதிலும் விழுமாயின் இடைப்பட்ட ஒரு தரமே கிடைக்கும். அதற்கு ஒரு தகடே போதும். இம்முறையின் சிறப்பு யாதெனில், ஒவ்வோர் ஒளியையும் இடத்துக்கு இடம் கூட்டியும் குறைத்தும் கொடுக்கலாம் என்பதே. பெட்டித் தாள் காலத்தில் இயலாதிருந்தது இதுவேயாம்.

எமக்கு வாய்த்த கணக்கு இது: 00 தகட்டில் முழுப் படத்துக்கும் 10 செக்கன். 5ஆம் தகட்டில் 14 செக்கன். அதில் 4 செக்கன் மட்டும், மெல்லிய கம்பி நுனியில் ஒட்டிய காசளவு அட்டையால் கண்குழிகளுக்கு நிழல் கொடுத்தோம். அட்டையை அசைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அசையாதிருப்பின் அதன் வட்டம் படத்திற் பதிந்துவிடும். இறுதியில் 00 தகட்டை மறுபடி இட்டு, துளையிட்ட மட்டையினூடாகச் சால்வைக்கு மாத்திரம் மேலும் 8 செக்கன். உருத்துலக்கும் மருந்தின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் இருத்தல் நன்று. எம் ஊர்க் கிணற்று நீர் அதனினும் பல பாகை சூடானது. ஆதலால் பனிக்கட்டி நிறைந்த பெரிய தட்டினுள் மருந்துத் தட்டை வைத்து வேலை செய்தோம். நான்கு தாள்கள் வீணாயின. ஐந்தாவது தாள் மருந்தினுள் மிதக்கையில், செம்மஞ்சள் விளக்கின் மங்கலில், நெற்றிக் கோடுகள் மூன்றும் முதலிற் பிரிந்து தெரிந்தன, பின்னர்க் கண்கள், பின்னர்ச் சால்வை மடிப்பு.

ஆயினும் அப்பொழுதே மகிழ்ந்துவிடலாகாது. ஈரமாய் இருக்கையில் வெளிச்சமாய்த் தோன்றும் படம், காய்ந்தபின் ஒரு படி கறுக்கும். இருட்டறை விளக்கு எவரையும் அழகராய்க் காட்டும். காலை வெளிச்சமே நீதி சொல்லும். ஐப்போவில் இட்டு, நன்றாய் அலசி, கொடியிலே கவ்வி மாட்டிவிட்டு உறங்கச் சென்றோம்.

உறக்கம் வராது கிடந்த அவ்வேளையில் இரு பெருங் கலைஞர்கள் எம் நினைவுக்கு வந்தனர். ஒருவர் அமெரிக்கரான அன்செல் அடம்ஸ் (1902–1984). இளமையிற் பியானோ பயின்ற அவர், நெகற்றிவை இசைக்குறிப்புக்கும், கழுவிய படத்தை அதனை வாசித்தலுக்கும் ஒப்பிட்டுப் பேசுவார். நியூ மெக்சிக்கோ மாநிலத்து ஹேர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் 1941ஆம் ஆண்டில் அவர் பிடித்த நிலவுதயப் படத்தை வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் கழுவினார். தொடக்கப் பிரதிகளில் வானம் மங்கிய சாம்பலாய் முகிலோடு இருக்கும்; பிற்காலப் பிரதிகளில் அது ஏறக்குறையக் கரிய இரவேயாகும். நெகற்றிவ் ஒன்றே, வாசிப்புப் பல.

மற்றவர் எம் நாட்டவரான லயனல் வென்ட் (1900–1944). அவரும் தேர்ந்த பியானோக் கலைஞர். இருட்டறையின் நுட்பங்களில் இந்நாட்டில் அவரை வென்றவர் அரியர். அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவுகள் அழிந்துபோயின. தம் கையாற் கழுவிய படங்களே இன்று எமக்கு எஞ்சியுள்ளன. அங்கு வாசிப்பு நிலைத்தது, குறிப்பு மறைந்தது. எம் அக்காவின் வீட்டிலோ வாசிப்பெல்லாம் அழிந்து, குறிப்பு மாத்திரம் காணி உறுதிக்குள் ஒளிந்திருந்தது.

ஆனால் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. அடம்ஸ் தம் வானத்தைத் தாம் விரும்பிய அளவு கறுப்பிக்கலாம். அது அவர் கண்ட வானம். பிறருடைய தந்தையின் முகத்தில் எமக்கு அவ்வுரிமை இல்லை. தகட்டைத் தெரிகின்ற கை எம்முடையதாயினும், எது சரி என்று சொல்லும் தகுதி அவரைக் கண்டவருக்கே உரியது. கடுமையும் மென்மையும் தாமாக அமைவன அல்ல. ஒவ்வொரு முறையும் ஒருவர் தெரிந்தெடுப்பனவே. தெரிந்தெடுக்கிறோம் என்பதை மறந்து செய்யும்போதுதான் பிழை நுழைகின்றது.

மறுநாட் காலை அக்காவை அழைத்து, முற்றத்து வெளிச்சத்திற் படத்தைக் கையிற் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. முன்போலவே தம் வலக்கையைப் படத்தின் அருகே வைத்தார். சற்று நேரம் கழித்து, “பொங்கலண்டு விடியக் கிணத்தடியில தோய்ஞ்சிட்டு வந்து, ஈரத்தோட திருநீறு பூசினவர். எனக்கும் பூசிவிட்டவர்” என்றார். முதல் நாளும் இரண்டாம் நாளும் அவர் சொல்லாத செய்தி அது. அந்தப் பொங்கலைப் பற்றித் தமக்கு ஒன்றுமே நினைவில்லை என்றுதான் அதுவரை சொல்லியிருந்தார்.

அண்ணனுக்கு அனுப்ப இன்னொரு பிரதி வேண்டும் என்று கேட்டார். கொடுத்தோம்.

வாசகர்களுக்கு இரண்டொரு வேண்டுகோள். வீட்டிலே பழைய நெகற்றிவுகள் இருக்குமாயின், கணினியில் ஏற்றிவிட்டோம் என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளுறையிலிட்டு, ஈரமும் வெப்பமும் அணுகாத இடத்தில் வையுங்கள். இக்கலையின் காலம் முடிந்தது என்பார் சொல்லையும் முழுதும் நம்ப வேண்டாம். கொடக் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் கறுப்பு வெள்ளைத் தாள் செய்வதை நிறுத்தியது உண்மையே. ஆயினும் மல்ரிகிறேட் தாள் இங்கிலாந்தின் மொபர்லி என்னும் ஊரில் இன்றும் செய்யப்படுகின்றது. விலை அதிகந்தான், ஒரு முகத்துக்கு ஐந்து தாள் என்றால் அது பெருஞ் செலவும் அன்று.

இருட்டறை இல்லாதவர்க்கும் இதிற் சொல்வதற்கு ஒன்றுண்டு. இன்று சில கைத்தொலைபேசிகள், கேளாமலே முகத்தை வெளுத்து, சுருக்கத்தை நீக்கி, அழகுபடுத்தித் தருகின்றன. அந்த வசதியை அணைத்துவிட்டு உங்கள் தாய் தந்தையரை ஒரு படம் பிடித்து வையுங்கள். ஐம்பது ஆண்டுகளின் பின் ஒரு மகள் அதனருகே தன் கையை வைத்துப் பார்க்கக்கூடும்.